சிக்குக் கோலத்தைத் தகட்டில் வெட்ட வேண்டும்: புகைப்படத்திலிருந்து கோப்பு எடுப்பது எப்படி?

திண்ணை (தஞ்சாவூர்):

அனைவருக்கும் வணக்கம். அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு, அம்மா போடும் சிக்குக் கோலம் ஒன்றை இரும்புத் தகட்டில் வெட்டிக் கூடத்துச் சுவரில் மாட்ட நினைத்திருக்கிறோம். 7 புள்ளி, இடுக்குப் புள்ளி, 4 வரை. அகலம் 900 மி.மீ., தகடு 2 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்), மேலே கறுப்பு பவுடர் கோட்டிங் (தூள் வண்ணப் பூச்சு). கீழே ‘அன்பு இல்லம்’ என்று வீட்டுப் பெயர்.

வாசலில் போட்ட கோலத்தை மாடியிலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் ட்ரேஸ் பிட்மேப் (படத்தைக் கோடுகளாக்கும் வசதி) கொடுத்து, வெட்டும் இயந்திரம் படிக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பாக்கி ஒரு லேசர் கடைக்கு அனுப்பினேன். ‘இரட்டைக் கோடு, மூடாத கோடு, எக்கச்சக்கமாக நோடு. மெஷினில் ஏற்ற முடியாது’ என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். (நோடு என்பது கோட்டின் இணைப்புப் புள்ளி.) திரையில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ட்ரேஸ் செய்யும்போது எந்த எண்ணை மாற்ற வேண்டும்?

தகடுவெட்டி (கோயம்புத்தூர்):

தம்பி, எந்த எண்ணையும் மாற்ற வேண்டாம். அந்தப் புகைப்படத்தை ட்ரேஸ் செய்வதையே விட்டுவிடுங்கள்.

இங்க்ஸ்கேப்புக்குள் இருந்து இந்த வேலையைச் செய்வது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லையைப் பிடித்து வளைகோடாக்குவதுதான் அதன் தொழில். கோலம் ஒரே இழை என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. மாவு சிதறிய இடம், சிமெண்டுத் தரையின் கீறல், ஈரம் காயாத திட்டு எல்லாமே அதற்கு எல்லைதான். இத்தனை நோடு வந்தது அப்படித்தான். இரட்டைக் கோடு என்று கடைக்காரர் சொல்வதைப் பார்த்தால், ‘எட்ஜ் டிடெக்‌ஷன்’ தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதில் ஒவ்வொரு ஓரமும் தனியாக ஒரு மெல்லிய பட்டையாகி, அந்தப் பட்டைக்கு இரண்டு பக்கம் வந்துவிடும். அரை மி.மீ. இடைவெளியில் லேசர் இரண்டு முறை போனால் தகட்டில் என்ன மிஞ்சும்?

கணினியைத் திறப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். கோடு இரும்பா, ஓட்டையா? கோட்டை ஓட்டையாக வெட்டினால் இழை சுற்றி வரும் ஒவ்வொரு கண்ணும் பொத்துப் பொத்தென்று கீழே விழும். கையில் வெறும் சட்டம்தான் மிஞ்சும். கோடு இரும்பாக இருந்தால், இழை தன்னையே வெட்டிக்கொள்ளும் இடங்களெல்லாம் முடிச்சாக நின்று முழுவதையும் தாங்கும். சிக்குக் கோலம் தகட்டுக்கு வாகானது இதனால்தான். புள்ளிகள் மட்டும் தனித்து நிற்பதால் விழுந்துவிடும்.

இனி வேலை. புகைப்படத்தை அடியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மாடியிலிருந்து எடுத்த படம் சாய்ந்திருக்கும். அதை அப்படியே பின்பற்ற வேண்டாம். 37 புள்ளிகளையும் சரியான இடைவெளியில் நீங்களே வையுங்கள். படம் இழை போகும் வழியைக் காட்டினால் போதும். பெசியர் பேனாவால் (வளைகோடு வரையும் கருவி) இழையின் நடுவே ஒற்றைக் கோடு வரையுங்கள்; திரும்பும் இடத்தில் மட்டும் நோடு. ஆறு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் கோலமானால் ஆறில் ஒரு பங்கு வரைந்து 60 பாகையாகச் சுழற்றிப் பிரதி எடுத்து, முனைகளை இணைத்துவிடலாம்.

வரைந்த கோட்டுக்கு 10 மி.மீ. தடிமன் கொடுத்து, ‘ஸ்ட்ரோக் டு பாத்’ (தடித்த கோட்டை ஓரக்கோடுகளாக்கும்), பிறகு ‘யூனியன்’ (எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைக்கும்). யூனியனை விட்டால் இழை குறுக்கிடும் இடத்திலெல்லாம் வெட்டுக்கோடு நின்று, கோலம் துண்டு துண்டாகக் கையில் வரும். அனுப்புமுன் ஒரு சோதனை: கோலத்தைக் கறுப்பாக நிரப்பி பிஎன்ஜி படமாக்கி, ஏதாவது ஒரு படச் செயலியில் வண்ணவாளியால் கறுப்பின் மேல் ஒரே ஒரு இடத்தில் சிவப்பை ஊற்றுங்கள். சிவப்பாகாமல் கறுப்பாகவே நிற்பது எதுவோ, அது தரையில் விழப்போகும் துண்டு.

மார்கழிவாசல் (கும்பகோணம்):

தகடுவெட்டி அண்ணா சொல்வது பட்டறைக்குச் சரி. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே 10 மி.மீ. என்றால் அது அம்மா போட்ட கோலமாக இருக்காது. குழாயை வளைத்து வைத்ததுபோல் இருக்கும். கையில் மாவு எடுத்துப் போடும்போது வளைவு தொடங்கும் இடத்தில் சற்றுப் பருத்து, இழுத்து விடும் இடத்தில் மெலியும். எங்கள் தெருவில் கோட்டை வைத்தே யார் போட்டது என்று சொல்லிவிடுவோம். புள்ளியும் இல்லை, கையும் இல்லை என்றால் வீட்டுப் பெயரை மட்டும் மாட்டலாமே!

திண்ணை, வாசல் படத்தை விட்டுவிட்டு, அம்மாவையே பெரிய வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு மார்க்கரால் போடச் சொல்லுங்கள். 300 டிபிஐ-யில் ஸ்கேன் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் சுருக்கி ஓரமெல்லாம் பிசிறாக்கிவிடும்.

தகடுவெட்டி:

தங்கச்சி சொல்வது நியாயம். கை வேண்டுமென்றால் தாளும் மார்க்கரும்தான் வழி. அந்த ஸ்கேனுக்கு ட்ரேஸ் தாராளமாகப் போடலாம். படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, லேசாக மங்கலாக்கி, பிறகு த்ரெஷோல்டு கொடுத்துச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். ஓரத்துப் படிக்கட்டுகள் மறைந்துவிடும். ட்ரேஸில் ‘பிரைட்னெஸ் கட்ஆஃப்’, ஒரே ஸ்கேன் (பல அடுக்காக வேண்டாம்). ‘ஸ்பெக்கிள்ஸ்’ எண்ணைக் கூட்டினால் தூசி போகும். பிறகு நோடுகளைக் குறைக்கும் ‘சிம்ப்ளிஃபை’ ஒரு முறை. அதற்கு மேல் அழுத்தினால் வளைவுகள் மெழுகாக உருகிவிடும். எவ்வளவு மெலிந்தாலும் 6 மி.மீ. அகலத்துக்குக் கீழே போக விடாதீர்கள். வெட்டும்போது தாங்கும், பவுடர் கோட்டிங்குக்குக் கொக்கியில் தொங்கவிடும்போது வளைந்துவிடும்.

புள்ளிகளைக் கோலத்தோடு ஒட்டவைக்கக் குச்சி கொடுக்காதீர்கள், பார்க்கச் சகிக்காது. 12 மி.மீ. வில்லைகளாகத் தனியே வெட்டி, பின்னால் ஆணி பற்றவைத்துச் சுவரில் நேராக அடிக்கலாம். 1:1 அளவில் காகிதத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் குறி தப்பாது. பித்தளையில் வெட்டினால் கறுப்புக்கு நடுவே எடுப்பாக இருக்கும். பித்தளை லேசர் ஒளியைத் திருப்பி அடிக்கும் உலோகம். எல்லாக் கடையிலும் எடுக்க மாட்டார்கள், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திண்ணை:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. அம்மா இப்போதே மார்க்கர் கேட்கிறார். வீட்டுப் பெயருக்கும் இதே வழிதானா? எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

தகடுவெட்டி:

எழுத்தில் வேறு வில்லங்கம். முதலில் எழுத்தை வரைகோடாக்கும் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்துவிடுங்கள். கடையில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்து இரும்பானால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி. அதோடு ன், ல், ம் மூன்றின் தலைப்புள்ளியும் கோலப் புள்ளிபோலவே அந்தரத்தில் நிற்கும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக 8 மி.மீ. பட்டை ஓடவிட்டு, எழுத்தின் காலைக் கீழ்ப்பட்டையோடும் புள்ளியை மேல்பட்டையோடும் இணைத்தால் தீர்ந்தது. எழுத்தை ஓட்டையாக வெட்டினால் புள்ளிகள் வெறும் துளைகள், தொல்லையில்லை. ஆனால் அ, ன, இ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் தகடு விழும். ஒவ்வொரு சுழிக்கும் 2 மி.மீ. பாலம் விட வேண்டும்.

கோப்பைச் சேமிக்கும்போது அலகு மி.மீ. என்று கொடுங்கள். பழைய இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்டது, 0.92 பதிப்பு முதல் 96. இந்தக் குழப்பத்தில் 900 மி.மீ. வேறு ஏதோ அளவாகப் போய்ச் சேரும். ஓரமாக 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து, ‘வெட்ட வேண்டாம், அளவு பார்க்க மட்டும்’ என்று எழுதி அனுப்புங்கள். இங்க்ஸ்கேப் வளைவுகளை ஸ்ப்லைனாகவே (கணித வளைகோடு) தரும். கடையின் மென்பொருள் அதை ஏற்காவிட்டால், ‘ஃபிளாட்டன் பெசியர்’ கொடுத்துச் சிறு நேர்க்கோடுகளாக்கி அனுப்புங்கள்.

மாட்டுவதற்குக் கோலத்தில் துளை போடாதீர்கள். பின்பக்கம் நான்கு இடத்தில் 20 மி.மீ. ஸ்டட் (சிறு உலோகத் தண்டு) பற்றவைக்கச் சொல்லுங்கள். கோட்டிங்குக்கு அனுப்புமுன் செய்ய வேண்டிய வேலை அது. 900-க்கு 900 முழுத் தகடே 13 கிலோவுக்குள்தான். கோலமாக வெட்டிய பிறகு அதில் சிறு பங்குதான் இருக்கும், நான்கு ஸ்டட் தாராளம்.