ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வேலை பிடித்திருக்கிறது. ஆனால் தப்பான பார்ட் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

மெக்கானிக் அண்ணன்கள் போனில், “ஸ்விஃப்ட் முன் பிரேக் பேட் ஒரு செட் அனுப்புப்பா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். எந்த ஸ்விஃப்ட்? 2005, 2011, 2018, 2024 என்று இங்கே நான்கு முறை புது மாடல் வந்திருக்கிறது. எந்த மாடல் என்று உறுதி செய்ய வண்டியின் சேஸிஸ் நம்பர் 17 எழுத்தையும் கேட்டால், “வண்டி லிஃப்டில் நிற்கிறது, சீக்கிரம்” என்கிறார்கள். போன வாரம் மாடல் மாறி ஒரு கிளட்ச் செட் போய்விட்டது. கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு அந்த மெக்கானிக் அரை நாள் காத்திருந்தார். அவருடைய அன்றைய கூலி போனதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் சீனியர் அண்ணன் பழைய பார்ட்டைக் கையில் வாங்கியதுமே அதன் பார்ட் நம்பரைச் சொல்கிறார். உங்களுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது? நோட்டில் எழுதி வைத்தீர்களா? அவசரத்தில் இருப்பவரிடம் அவர் கோபப்படாமல் சேஸிஸ் நம்பர் வாங்குவது எப்படி? வாட்ஸ்அப்பில் ஆர்சி போட்டோ கேட்கலாமா? அப்புறம், சென்சார் மாதிரி எலக்ட்ரிகல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது என்பதை முதலிலேயே எப்படிச் சொல்கிறீர்கள்?