வெண்ணெயும் முட்டையும் நிறைந்த பிரியோஷ் ரொட்டியை உலர்த்தாமல் முட்டைப்பாலில் ஊற வைக்கலாமா?

வெண்ணெய்ப்பித்தன்:
சில வாரங்களுக்கு முன் தாமிரக்கரண்டி அவர்கள் ரொட்டித் துண்டுகளை முட்டையும் பாலும் கலந்த முட்டைப்பாலில் ஊற வைத்துச் சுடும் பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல் செய்யும் முறையை எழுதியபோது, "பிரியோஷை வாங்கிய அன்றே வெட்டி முட்டைப்பாலில் போட்டுவிடலாம், இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் ஊறப்போகிற ரொட்டியை அவன் அடுப்பில் உலர்த்துவது வேலையற்றவர்களின் வேலை" என்று போகிற போக்கில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அந்த வரியை நம்பி அன்னையர் தினத்துக்கு எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்தவன் நான். 450 கிராம் பிரியோஷ், எட்டு முட்டை, இரண்டு கப் பால், ஒரு கப் ஹெவி கிரீம், அரை கப் பிரவுன் சுகர், பட்டைத்தூள், ஜாதிக்காய் என்று அவர் சொன்ன அளவில் குன்றிமணி அளவும் நான் மாற்றவில்லை. காலையில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஐம்பது நிமிடம் வைத்து எடுத்தபோது பீக்கன் பருப்பும் வெண்ணெயும் சேர்ந்த மேல்பொருக்கு அழகாகச் சிவந்திருந்தது. கரண்டியை உள்ளே விட்டதும் தட்டின் அடியில் பால் தேங்கி நின்றது. ரொட்டித் துண்டு என்று தனியாக எடுத்துப் போட ஒன்றுமே இல்லை. என் மாமியார் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதைக் கடிக்க வேண்டுமா, குடிக்க வேண்டுமா, மாப்பிள்ளை?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

உலர்த்தாத பிரியோஷ் ஊறாது, கரையும். இதைச் சொல்லவே இந்த இழையைத் தொடங்கினேன்.

தாமிரக்கரண்டி:
தம்பி, பதினான்கு ஆண்டுகளாக நியூஜெர்சியில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் இதே தட்டு என் வீட்டு மேசைக்கு வருகிறது; இதுவரை யாரும் அதைக் குடிக்கவில்லை. அடியில் பால் தேங்கி நின்றது என்றால் முட்டை வேகவில்லை என்று பொருள், ரொட்டி குற்றவாளி என்று பொருளல்ல. ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த தட்டின் ஓரங்கள் வெந்த பிறகும் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும் என்பதால், முதல் அரை மணி நேரம் ஃபாயில் போட்டு மூடி வைத்து, பிறகு திறந்து, மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும் என்று அதே பதிவில் எழுதியிருந்தேன். நீங்கள் வசதியாக விட்டுவிட்ட வரி அது. முட்டை சேர்ந்த இத்தகைய உணவின் நடுவில் 160 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. உங்கள் தட்டின் நடுவில் எத்தனை டிகிரி இருந்தது? வெப்பமானி வைத்துப் பார்த்தீர்களா?

வெண்ணெய்ப்பித்தன்:
முதலில், எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தம்பி என்று அழைக்க வேண்டாம், அம்மையீர்.

இரண்டாவதாக, 160 டிகிரி என்பது கிருமி அழிவதற்கான கணக்கு. முட்டைப்பால் இறுகுவதற்கான கணக்கு அன்று. முட்டையை இத்தனை பாலிலும் கிரீமிலும் சர்க்கரையிலும் கலந்துவிட்டால் அது கெட்டிப்பட 175 முதல் 180 டிகிரி வரை வேண்டும். ஆனால் நான் கேட்பது அதை அல்ல. எட்டு முட்டை ஏறத்தாழ 400 கிராம், மூன்று கப் பாலும் கிரீமும் 700 கிராமுக்கு மேல், ஆக 1100 கிராம் திரவத்தை 450 கிராம் ரொட்டியின் தலையில் கவிழ்க்கிறீர்கள். அந்த ரொட்டியோ வெண்ணெயும் முட்டையும் தண்ணீரும் ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்திருக்கிறது. அது இன்னும் எங்கே குடிக்கும்? மறுவாரம் அதே அளவில் ஒரு பிரியோஷை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, 300 டிகிரியில் இருபது நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு உலர்த்தி, தராசில் வைத்தேன். 450 கிராம் 382 கிராம் ஆகியிருந்தது. அந்த 68 கிராம் தண்ணீர் போன இடத்தில்தான் முட்டைப்பால் போய் உட்கார்ந்தது. அன்றைக்குத் துண்டுகள் துண்டுகளாகவே இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளும் கஸ்டர்ட் நிறைந்திருந்தது. நீங்கள் பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது ரொட்டியை எடை போட்டுப் பார்த்தீர்களா?

பாண்காரன்:
நான் டொரொன்டோவிலிருந்து எழுதுகிறேன். முதலில் ஒரு சொல்லைத் திருத்துங்கள். நீங்கள் இருவரும் ரொட்டி ரொட்டி என்று எழுதுவதைப் படிக்கும்போது, தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட ரொட்டியை யாரோ பாலில் ஊற வைக்கிறார்கள் என்று எங்கள் இலங்கை ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் பாண்.

அடுத்தது, அவன் அடுப்பும் வேண்டாம், தராசும் வேண்டாம். இங்கே பாதர்ஸ்ட் தெருவிலுள்ள யூதர்களின் வெதுப்பகங்களில் வெள்ளிக்கிழமை காலையில் சபாத் என்ற வார ஓய்வுநாளுக்காக ஹல்லா என்ற முட்டை சேர்ந்த பாண் போடுவார்கள். ஒன்றை வாங்கிச் சனிக்கிழமை முழுவதும் மேசையில் திறந்து வைத்துவிட்டால், இரவில் வெட்டும்போது தானாகவே பதம் வந்திருக்கும். யூதக் குடும்பங்களிலும் மிஞ்சிய ஹல்லா ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு டோஸ்டாகத்தான் மாறுகிறது. ஒரு நாள் பழசான பாண் போதும் என்பதே என் அனுபவம்.

வெண்ணெய்ப்பித்தன்:
பாண்காரன் ஐயா, ஹல்லாவில் வெண்ணெயும் கிடையாது, பாலும் கிடையாது. இறைச்சியுடன் சேர்த்து உண்ணத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதற்காக முட்டையும் எண்ணெயும் மட்டும் சேர்த்துச் செய்வது அது. மாவில் நிறைய வெண்ணெய் ஏற்றுகிற பிரியோஷைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்துவது பொருந்தாது.

அதைவிடப் பெரிய பிழை, பழசாவதும் உலர்வதும் ஒன்று என்று நீங்கள் நினைப்பது. பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஈரம் வெளியேறாமல் காற்றுப் புகாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் கெட்டிப்படத்தான் செய்கிறது என்று 1852இலேயே காட்டிவிட்டார். வெந்தபோது குலைந்த மாவுச்சத்து ஆறிய பிறகு மறுபடி படிகமாக இறுகுகிறது. கைக்குக் கெட்டியாகத் தெரிவது அதனால்தான். 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அந்தக் கெட்டி இளகி ரொட்டி மறுபடி மென்மையாகிவிடும், ஏனென்றால் தண்ணீர் உள்ளேயேதான் இருந்தது. ஒரு நாள் முழுவதும் மேசையில் கிடந்த முழு ரொட்டியின் தோல் காயும், நடுப்பகுதி காயாது. எடை போட்டுப் பாருங்கள், தெரியும். நானும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் எடை போட மாட்டேன் என்கிறார்கள்.

பெயரைப் பொறுத்தவரை, மதுரைப் பேக்கரியிலிருந்து தாளில் சுற்றி வாங்கி வந்ததை நாங்கள் ரொட்டி என்றுதான் சொல்லி வளர்ந்தோம். அதை மாற்றும் உத்தேசம் எனக்கு இல்லை.

கடைசிவரிசை:
வெண்ணெய்ப்பித்தன் அவர்கள் சென்ற நன்றித் திருநாளின்போது சீஸ்கேக் தட்டை வெந்நீரில் இறக்கி வைப்பது குறித்து நாற்பத்தொரு பதிவுகள் எழுதினார் என்பதைப் புதியவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அந்த முறையும் எல்லாரும் களைத்துப் போனதால் வென்றதாக அறிவித்துக்கொண்டார்.

காலையுணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி உண்ணும் பிரன்ச் என்ற சொல்லையே 1895இல் இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்பவர், சனிக்கிழமை இரவு குடித்துக் களித்தவர்கள் ஞாயிறு காலையில் சீக்கிரம் எழுந்திருக்கத் தேவையில்லாதபடி ஒரு வேளை உணவு வேண்டும் என்று வாதாடித்தான் பிரபலப்படுத்தினார். அவர் மட்டும் இன்று இருந்து, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒரு மனிதர் ரொட்டித் துண்டுகளைத் தராசில் வைத்து 382 என்று குறித்துக்கொள்வதைப் பார்த்தால், பேசாமல் இட்லிக்கு மாறியிருப்பார்.

சைவச்சட்டி:
முட்டை சேர்க்காமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா என்று யாராவது சொல்ல முடியுமா? கஸ்டர்ட் பவுடர் போட்டுக் காய்ச்சிய பாலை ஊற்றினால் இறுகுமா?

தாமிரக்கரண்டி:
சைவச்சட்டி, இறுகும், ஆனால் ருசி வேறு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே உங்கள் கேள்வி மூழ்கிவிடும்.

பித்தன் அவர்களே, 1852ஆம் ஆண்டுக்கெல்லாம் போய்வந்தீர்கள், என் கேள்விக்கு மட்டும் வரவில்லை. இறுகுவதற்கு 175 வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அன்று உங்கள் தட்டின் நடுவில் 175 இருந்ததா? வெப்பமானி வைத்தீர்களா, இல்லையா? என் முறையில் ரொட்டி புதிதாக இருந்தால் பாலில் அரைக் கப்பைக் குறைத்துக்கொள்வேன். அதைக் கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். துண்டை லேசாக அழுத்தும்போது மெத்தென்று அமுங்கி விரல் தடம் மேலெழும்பி மறைந்தால் ரொட்டி புதிது, விரல் தடமே விழாமல் கெட்டியாக இருந்தால் சற்றே காய்ந்தது. இரவு தட்டை மூடும் முன் கரண்டியின் முதுகால் ஒருமுறை எல்லாத் துண்டுகளையும் அமிழ்த்திவிடுவேன். மேல்பொருக்கை மட்டும் தனிக் கிண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில்தான் தூவுவேன். இரவே தூவினால் அது ஊறிக் களியாகிவிடும். இத்தனை கவனத்துக்குப் பிறகும் தராசு எதற்கு?

வெண்ணெய்ப்பித்தன்:
பாலைக் குறைப்பேன் என்கிறீர்களே, அதை ஏன் அன்றே எழுதவில்லை? "வாங்கிய அன்றே போட்டுவிடலாம்" என்று மட்டும் எழுதி, அரைக் கப் கணக்கை மனதுக்குள் வைத்துக்கொண்டீர்கள். பாலைக் குறைத்தால் கஸ்டர்டும் குறைகிறது. செழிப்பான உணவு என்று விருந்தினரை அழைத்துவிட்டுக் கஞ்சத்தனம் செய்வதாகாதா? ரொட்டியிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிரீமை ஏற்றுவதுதான் செழிப்பு. பிரெஞ்சுக்காரர்கள் இந்த உணவுக்கு வைத்த பெயரே தொலைந்த ரொட்டி என்பது. வீணாகிப் போகவிருந்த ரொட்டியை மீட்பதற்காகப் பிறந்த உணவுக்கு, அன்று காலை அடுப்பிலிருந்து வந்த ரொட்டியைப் பலி கொடுப்பது அதன் பிறவிக்கே மாறானது.

விரல் தடம் என்பதெல்லாம் கைரேகை சாத்திரம். என் விரல் வேறு, உங்கள் விரல் வேறு. கிராம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பாண்காரன்:
தொலைந்த பாண் என்றால் பழைய பாண்தானே, ஐயா? அவனில் உலர்த்திய புதுப் பாணைத் தொலைந்தது என்று எந்தப் பிரெஞ்சுக்காரனும் சொல்ல மாட்டான். உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டைச் சூடான அவனுக்குள் நேராக வைக்கிறீர்களா? எனக்கு ஒருமுறை உள்ளேயே வெடித்து, முட்டையும் கண்ணாடியுமாக அடுப்பைச் சுத்தம் செய்ய அரை நாள் போனது. அன்றிலிருந்து உலோகத் தட்டுத்தான்.

தாமிரக்கரண்டி:
நான் அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டே உள்ளே வைப்பேன். முட்டை சேர்ந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. அரை மணியால் ஒன்றும் ஆகாது.

வெண்ணெய்ப்பித்தன்:
அரை மணி நேரத்தில் அத்தனை கனமான தட்டின் நடுப்பகுதி எத்தனை டிகிரி ஏறிவிடும் என்று நினைக்கிறீர்கள்? அது மனச்சாந்திக்காகச் செய்யும் சடங்கு. கண்ணாடித் தட்டு பற்றித் தனியாக எழுதத்தான் போகிறேன், ஆனால் பேச்சை மாற்ற இடம் கொடுக்க மாட்டேன். 23க்கு 33 சென்டிமீட்டர் தட்டு கண்ணாடியோ உலோகமோ, உள்ளே கிடக்கும் ரொட்டி ஈரமாக இருந்தால் முடிவு ஒன்றுதான்.

கடைசிவரிசை:
நடுப்பகுதி எத்தனை டிகிரி என்று இப்போது அவரே கேட்கிறார். அதைத்தான் அக்கா மூன்று நாளாக அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வெண்ணெய்ப்பித்தன்:
சீஸ்கேக் விஷயத்தில் தன் வீட்டுக் கேக் நடுவில் பிளந்ததை இன்னும் மறக்க முடியாதவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

வரும் திங்கட்கிழமை மெமோரியல் டே என்ற நினைவு நாள் விடுமுறைக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். இரண்டு தட்டு செய்கிறேன். இரண்டிலும் உலர்த்திய பிரியோஷ்தான். ஒப்பிட்டுப் பார்க்க உலர்த்தாத தட்டு ஒன்றும் செய்யக் கூடாதா என்று என் மனைவி கேட்டார். தெரிந்தே விருந்தினருக்குச் சூப் பரிமாற எனக்கு மனம் வரவில்லை.

தாமிரக்கரண்டி:
நானும் அன்று செய்கிறேன், வாங்கிய அன்றே வெட்டிய பிரியோஷில். அன்னையர் தினத் தட்டின் நடுவில் எத்தனை டிகிரி இருந்தது என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

வெண்ணெய்ப்பித்தன்:
நீங்கள் இன்னும் ரொட்டியை எடை போடவில்லை.

சைவச்சட்டி:
தனி இழை தொடங்கிவிட்டேன். அங்கேயும் வெண்ணெய்ப்பித்தன் அவர்கள் வந்து ரொட்டியை உலர்த்தினீர்களா என்று கேட்டிருக்கிறார்.