மோக்ரா சட்டம்: சிறு நிறுவனத்துக்கான விலக்கு எதுவரை செல்லும்?

கேள்வி:
வேறொரு தொழிற்கூடத்தில் ஒப்பந்த முறையில் தயாரித்த முகக் கிரீமையும் ஐலைனரையும் எங்கள் பெயரில் அமெரிக்காவில் விற்கிறோம். அங்கு எங்கள் சராசரி ஆண்டு விற்பனை பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. 2022 டிசம்பரில் அழகுசாதனப் பொருள்களுக்காக அமெரிக்காவில் இயற்றப்பட்ட மோக்ரா சட்டம் இத்தகைய நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது என்று அறிகிறேன். எஞ்சிய பொறுப்புகள் தயாரிப்பாளரையே சேரும் என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ள இயலாது. தொழிற்கூடப் பதிவு, எஃப்.டி.ஏ.விடம் (அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம்) பொருளைப் பட்டியலிடுதல், நல்ல உற்பத்தி நடைமுறைகள் ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. கண்ணின் சளிச்சவ்வில் வழக்கமாகப் படும் பொருள்களுக்கு அதுவும் இல்லை என்பதால், ஐலைனரைப் பட்டியலிட்டே ஆக வேண்டும். கூடத்தைப் பதிவு செய்து இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது அதை நடத்துபவரின் கடமை. பொருளைப் பட்டியலிடுவது லேபிளில் எவர் பெயர் உள்ளதோ அவருடைய கடமை, அதாவது உங்களுடையது. 2024 ஜூலை 1 முதல் எஃப்.டி.ஏ. இவற்றைக் கண்டிப்புடன் அமல்படுத்துகிறது. பட்டியல் எண் கிடைப்பது ஒப்புதல் பெற்றதாகாது. அதை விளம்பரத்தில் அப்படிக் காட்டுவோரைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது.

மறுமொழி 2:
என் கருத்தில் பட்டியலிடுவது எளிய பகுதி. பொருள் பாதுகாப்பானது என்பதற்குப் போதிய சான்றுகளை வைத்திருக்கும் கடமையிலிருந்து எந்தச் சிறு நிறுவனத்துக்கும் விலக்கு இல்லை. தீவிரமான, நீடித்த தடிப்பு, நோய்த்தொற்று, கணிசமான முடி உதிர்வு போன்ற கடும் பாதிப்பு குறித்துத் தகவல் வந்தால், 15 வேலை நாள்களுக்குள் லேபிளின் நகலோடு எஃப்.டி.ஏ.வுக்கு அறிவிக்க வேண்டும். பாதிப்புப் பதிவேடுகளை மற்றவர்கள் ஆறாண்டுகள் வைத்திருக்க, உங்களைப் போன்றோருக்கு மூன்றாண்டுகள் போதும். அத்தகவல் உங்களை வந்தடைய, அமெரிக்க முகவரியோ தொலைபேசி எண்ணோ இணையதளம் போன்ற மின்னணுத் தொடர்போ லேபிளில் இருக்க வேண்டும் என்ற விதி 2024 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் உள்ளது.

கேட்டவர்:
நன்றி. ஆனால் தயாரிப்பாளர் தொழில் ரகசியம் என்று கூறி ஃபார்முலாவைத் தர மறுக்கிறார்.

மறுமொழி 2:
பட்டியலிட மூலப்பொருள்களின் பெயர்கள் போதும், சதவீதம் கேட்கப்படுவதில்லை. பாதுகாப்பு மதிப்பீட்டையோ, ஒவ்வொன்றும் எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது என்று தெரியாமல் எவராலும் செய்ய இயலாது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் பேரில், ஃபார்முலாவை உங்களிடம் காட்டாமல் நச்சியல் வல்லுநரிடமே நேராக ஒப்படைக்கும் வழக்கம் துறையில் உண்டு. அதையும் மறுப்பவரானால், வேறு தயாரிப்பாளரைத் தேடுவதே நல்லது.

மறுமொழி 3:
ஐரோப்பிய ஒன்றியத்திலும் விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதே அளவுகளைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் கிரீமில் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பொருள்) இருக்குமாயின், முகத்துக்கான பொருள்களில் அதற்கு அங்கே 0.3 சதவீதமே உச்சவரம்பு. புதிதாகச் சந்தைக்கு வருபவற்றுக்கு 2025 நவம்பர் 1 முதல் இது பொருந்தும், ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்கு 2027 மே 1 வரை அவகாசம் உண்டு.