கர்நாடகத்துக் கனகபுரா எம்.பி. தொகுதி: அந்தப் பக்கம் வேலை பார்த்த நம்மூர்க்காரங்க அனுபவம் சொல்லுங்க [டேக்: நகரத் தொகுதி]

ஜூஜூவாடி

கனகபுரா தொகுதி இப்போ இல்லை, 2008 தொகுதி மறுவரையறையோட போயிடுச்சு, அதெல்லாம் தெரிஞ்ச கதை. நான் சொல்ல வந்தது 2004 மே 13, ஓட்டு எண்ணின நாள். ஜிகணியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கிட்டிருந்தேன். சூப்பர்வைசர் ராமநகரம்காரர், தேவ கவுடான்னா உயிர். பிரதமரா இருந்த மனுஷன் தோப்பாரான்னு கேட்டார். நான், எங்க பர்கூர்ல 1996ல முதலமைச்சரா இருந்த ஜெயலலிதாவே சுகவனத்துக்கிட்ட தோத்தாங்க, இவர் மட்டும் என்னன்னேன். அவருக்கு ரோஷம் வந்து ஹீரோ ஹோண்டாவைப் பந்தயம் கட்டிட்டார்.

மத்தியானம் டீக்கடை டிவியில் கன்னட எழுத்து கீழே ஓடுது. காங்கிரஸ் தேஜஸ்வினி முன்னிலை. அதைக்கூடத் தாங்கிக்கிட்டார். அப்புறம் பாஜக இரண்டாவது, கவுடா மூன்றாவதுன்னு வந்ததும் எழுந்து போய், ஓடுகிற எழுத்து மேலேயே விரலை வச்சுக்கிட்டு இன்னொரு தரம் வர்ற வரைக்கும் நின்னார். திரும்பி வந்து சாவியை என் டீ கிளாஸ் பக்கத்தில் வச்சுட்டு நடந்தே போயிட்டார். நான் எடுக்கலை. வண்டி பட்டறை வாசல்லயே நின்னு, கடைசியில் அவர் மச்சான் வந்து ஓட்டிக்கிட்டுப் போனார். அதே நாள்ல நம்ம கிருஷ்ணகிரியில் எம்.பி.யா ஜெயிச்சவரும் அதே சுகவனம்தான். அதை நான் அவர்கிட்ட சொல்லலை.

பென்னாகரத்தான்

ஹாசன்ல கவுடா ஜெயிச்சுட்டார், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. இரண்டு இடத்தில் நின்னவர். தலைப்பில் யாரோ இதை நகரத் தொகுதின்னு டேக் போட்டிருக்கீங்க, கனகபுரா எந்த ஊர்ல நகரம்? ராகிக் காடும் பட்டுப்புழுவும்தான். நம்ம ஒகேனக்கல்லுக்கு மேலே சங்கமா, மேகதாது எல்லாம் அந்தத் தாலுகாதான்.

என் கதை 2002 இடைத்தேர்தல். எம்.பி. சந்திரசேகர மூர்த்தி இறந்து வந்த தேர்தல், கவுடாவும் காங்கிரஸ் டி.கே.சிவகுமாரும் மோதினாங்க. கட்டட வேலைக்குப் போன எங்க ஆளுங்க எல்லாரையும் மேஸ்திரி லாரியில் ஏத்திட்டார், காலையில் ஒரு கூட்டம், சாயந்தரம் எதிர்க்கட்சிக் கூட்டம். நடுவில் லாரியிலேயே துண்டை மாத்திக்கணும். எங்க சித்தப்பா பழைய துண்டைக் கழட்ட மறந்து, புதுசை அதுக்கு மேலேயே போட்டுக்கிட்டு முன் வரிசையில் உட்கார்ந்துட்டார். மேடையிலிருந்து ஒருத்தர் அவரையே பார்க்கிறார். சித்தப்பா பிரியாணிப் பொட்டலத்தை நெஞ்சோட அணைச்சு மறைச்சபடி கை தட்டினார் பாருங்க! எங்க யாருக்கும் அங்கே ஓட்டே இல்லை.

ஜூஜூவாடி

அண்ணே, உத்தரஹள்ளியை மறந்துட்டுப் பேசறீங்க. அன்னிக்குக் கர்நாடகத்திலேயே அதிக ஓட்டு உள்ள சட்டமன்றத் தொகுதி அது, முழுக்க பெங்களூரு. அது கனகபுராவுக்குள்ளதான் இருந்துச்சு, ஆனேக்கல்லும் அப்படித்தான். ராகிக் காட்டு ஓட்டை மட்டும் வச்சு அங்கே யாரும் ஜெயிக்க முடியாது. பாஜக கவுடாவையே தாண்டிப் போச்சுன்னா எந்த ஓட்டுன்னு யோசிச்சுப் பாருங்க.

பென்னாகரத்தான்

ஓட்டு எண்ணிக்கை வேற, சண்டை வேற. 1985லயே சாத்தனூர்ல கவுடாவை எதிர்த்து நின்னு தோத்தவர் சிவகுமார். 2002ல மறுபடி தோல்வி. 2004ல தேஜஸ்வினிக்குப் பின்னாடி நின்னு தீர்த்துக்கிட்டார். அது ஊர்ப்பகை, அபார்ட்மென்ட்காரங்களுக்கு அதில் என்ன வேலை?

ஊத்தங்கரை வாத்தியார்

நானும் சந்தாபுராவில் கொஞ்ச காலம் இருந்தேன். வாக்குச்சாவடியில் என் பெயர் இருந்தது, படம் வேறு ஒரு பெண்ணுடையது, அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் ஒரு ஓட்டு, பெங்களூரில் ஒரு ஓட்டு என்று நிறையப் பேர் வைத்திருக்கிறீர்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 17ஆவது பிரிவின்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். பொய் உறுதிமொழி கொடுத்துப் பெயர் சேர்த்தால் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. வீடு மாறினால் படிவம் 8 போதும். படிவம் 6 முதல்முறை சேர்ப்பவர்களுக்கு, அதைப் போட்டால்தான் இரட்டைப் பதிவு வருகிறது. 2024இல் நமக்கு ஏப்ரல் 19, பெங்களூருக்கு ஏப்ரல் 26 என்று இரண்டு தேதி வந்ததும் சிலருக்கு ஆசை வந்தது. ஒரு வாரத்தில் விரல் மை போய்விடாது தம்பி, அதைச் செய்கிறவர்களே மைசூர்க்காரர்கள். தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள்.

பென்னாகரத்தான்

வாத்தியாரே, யார் கேட்டாங்க?

தளிப்பொண்ணு

தளியில் பிறந்து ஆனேக்கல்லில் வாக்கப்பட்டவள் நான். எங்க மாமியார் கனகபுராவுக்குப் போனதே இல்லை, ஆனா காலம் பூரா கனகபுரா எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. 2009ல திடீர்னு பெங்களூரு ஊரகம்னு பேர் வந்துச்சு. எலெக்ட்ரானிக் சிட்டியே அந்த ஊரகத்துக்குள்ளதான் வருது, இதில் நகரமா கிராமமான்னு நீங்க இரண்டு பேரும் சண்டை போடறீங்க! அந்தத் தடவை ஜெயிச்சது கவுடாவோட மகன் குமாரசாமி, 1996ல கனகபுராவில் ஜெயிச்ச அதே ஆள். அப்புறம் 2013 இடைத்தேர்தலிலிருந்து சிவகுமார் தம்பி சுரேஷ். பேர்தான் மாறுச்சு, இரண்டு வீட்டுக்குள்ளேயே சுத்துது.

2024ல சுரேஷை எதிர்த்து நின்னது ஜெயதேவா ஆஸ்பத்திரி டைரக்டரா இருந்த மஞ்சுநாத். மாமியாருக்கு ஸ்டென்ட் வச்சது ஜெயதேவாவில்தான். பூத்துக்குள்ள போனவங்க மிஷின் முன்னாடி நின்னுக்கிட்டு, இதில் நம்ம டாக்டர் எதுன்னு சத்தமா கேட்டுட்டாங்க. ஏஜென்ட்டுங்க எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்துட்டாங்க. எனக்கு மானம் போச்சு. அந்த டாக்டர் கவுடாவோட மருமகன்னு வீட்டுக்கு வந்து சொன்னேன். அதனால என்னடி, மருமகனும் டாக்டர்தானேன்னு சாப்பிட உட்கார்ந்துட்டாங்க.

பென்னாகரத்தான்

இரண்டரை லட்சத்துக்கு மேல வித்தியாசத்தில் ஜெயிச்சார் இல்ல? சரி, நகர ஓட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா 2004க்கு ஒத்துக்க மாட்டேன்.