ஜெயன்ட் கினி பிக் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நிஜமாகவே அதுதானா?

சாம்பல்வால்

வணக்கம். வீட்டில் ஏற்கெனவே ஒரு கினி பிக் இருக்கிறான். ஆண், இரண்டு வயது, 950 கிராம், குட்டை முடி. போன வாரம் தெரிந்தவர் ஒருவர் தன்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று இன்னொன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "பெண், 5 மாதம் ஆகிறது, ஜெயன்ட் பிரீட், பெருவியன்" என்றார், அதற்கு மேல் அவருக்கே எதுவும் தெரியவில்லை.

எடை 1.6 கிலோ. உடம்பில் செம்பழுப்பும் வெள்ளையும், முடி குட்டையாக வழவழவென்று இருக்கிறது, காது இரண்டும் தொங்குகின்றன, பின்னங்கால் ஒன்றில் ஒரு விரல் கூடுதல். பெருவியன் என்று தேடினால் தரையைக் கூட்டுகிற அளவுக்கு நீள முடியுள்ள படங்கள்தான் வருகின்றன, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கையைக் கூண்டுக்குள் விட்டாலே சுவரில் மோதிக்கொண்டு ஓடுகிறது. என்னுடையவன் தூங்கி வழிகிற ரகம், அதனால் எனக்கு இது புதுசு.

இது உண்மையிலேயே பெரிய இனமா, இல்லை தின்று தின்று குண்டான சாதாரணமானதா? எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கூண்டில் இரண்டையும் விடலாமா? இப்போதைக்கு வேறு வேறு கூண்டில்தான் வைத்திருக்கிறேன்.

பஞ்சுமூட்டை

கூடுதல் விரல் இருக்கிறதா, அப்படியென்றால் ஜெயன்ட்தான், சந்தேகமே வேண்டாம். சாதாரணக் கினி பிக்குக்கு முன்னங்காலில் 4, பின்னங்காலில் 3, அவ்வளவுதான்.

வைக்கோல்போர்

பஞ்சுமூட்டை, விரலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சின்ன கினி பிக்குகளிலும் கூடுதல் விரல் வரும், அது பரம்பரையாக ஓடுகிற குணம். பெரியவற்றில் அது அடிக்கடி வருகிறது என்பது சரிதான், ஆனால் எல்லாவற்றுக்கும் வராது. பெரு நாட்டில் முறையாக உருவாக்கிய பெரிய இனங்களில் மூன்றும் நான்கும் என்று சரியாக விரல் உள்ளவையே நிறைய. இது ஒரு துணைச் சாட்சி, அவ்வளவுதான்.

சாம்பல்வால், முதலில் அந்தப் பெருவியன் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கண்காட்சிக்கு வளர்க்கிறவர்கள் பெருவியன் என்று சொல்வது நீள முடி இனத்தை. அது சாதாரண அளவுதான். உங்களிடம் இருப்பது பெரு நாட்டு வழி வந்த பெரிய வகையாக இருந்தால் அதற்குப் பெயர் குய். அமெரிக்கக் கேவி (கினி பிக்கின் இன்னொரு பெயர்) வளர்ப்போர் சங்கம் 13 இனங்களை அங்கீகரித்திருக்கிறது, அந்தப் பட்டியலில் ஜெயன்ட் என்று எதுவும் கிடையாது. ஆகவே யாராவது "பதிவு பெற்ற ஜெயன்ட் பிரீட்" என்று விற்றால் ஒரு புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

குய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் விலங்கின் பயமும் புரியும். ஆண்டிஸ் மலைப் பகுதி மக்கள் கினிப் பன்றியை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். லிமாவில் உள்ள லா மோலினா விவசாயப் பல்கலைக்கழகம் 1960களில் பெரிய உடம்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கியது. பின்னால் பெருவின் அரசு விவசாய ஆராய்ச்சி நிறுவனம் பெரு, ஆண்டினா, இன்டி என்று தனித்தனி இனங்களை வெளியிட்டது. பெரு என்பது செம்பழுப்பும் வெள்ளையும், கறுப்புக் கண், தொங்கும் காது. ஆண்டினா வெள்ளை, அதிகக் குட்டி போடுகிற குணத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. இன்டி வெளிர் மஞ்சளும் வெள்ளையும். நீங்கள் சொல்கிற நிறமும் காதும் முதலாவதோடு ஒத்துப்போகின்றன, ஆனால் வீட்டு வளர்ப்புக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் கலப்புதான், அதனால் இனப் பெயரைச் சொல்லிச் சத்தியம் பண்ண முடியாது.

இந்தத் தேர்வு முழுக்க ஒரே விஷயத்துக்காக நடந்தது, சீக்கிரம் சதை போட வேண்டும் என்று. இரண்டு மாதத்தில் ஒரு கிலோவைத் தொடுகிற வேகம்தான் இலக்கு. அந்த வயதில் சாதாரணக் குட்டி அதில் பாதி இருந்தாலே பெரிது. மனிதக் கைக்குப் பழகுகிறதா, எட்டு வயது வரை வாழ்கிறதா என்று யாரும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, அதற்கான தேவையும் அங்கே இல்லை. அதனால்தான் பல குய்கள் ஒரு நிழல் ஆடினாலே குதித்து எழும்புகின்றன, ஆயுளும் பொதுவாகக் குறைவு. சாதாரணமானவை 5 முதல் 7 வருடம் இருக்கும், இவை அதைவிடச் சீக்கிரம் போய்விடுவதைத்தான் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். விதிவிலக்காக மடியில் படுத்துக் கிடக்கிற குய்யும் உண்டு.

இப்போது குண்டா பெரிதா என்ற கேள்வி. தராசைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு எலும்பைப் பாருங்கள். விலாவின் மேல் விரலை லேசாக ஓட்டினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டும் இருக்கக் கூடாது, தேடவும் வைக்கக் கூடாது. அமுக்கித்தான் தேட வேண்டியிருக்கிறது, தாடைக்குக் கீழே மடிப்பு, முன்னங்காலுக்கு மேலே சதை வழிகிறது என்றால் அது கொழுப்பு. எலும்பு நன்றாகத் தெரிந்தும் 1.6 கிலோ என்றால் சட்டகமே பெரிது. அடுத்து மண்டை. குய்யின் முகவாய் அகலமாக, கட்டை மாதிரி சதுரமாக இருக்கும், கால் நீளமும் தடிமனும் உங்கள் பையனுடைய காலுக்குப் பக்கத்தில் வைத்தாலே தெரியும். மூக்கிலிருந்து பின்புறம் வரை அளந்து பாருங்கள், சாதாரணமானது 20 முதல் 25 செ.மீ., நன்றாக 30-ஐத் தாண்டினால் என் ஓட்டு குய்க்குத்தான். கொழுப்பு உடம்பை அகலமாக்கும், நீளமாக்காது. அப்புறம் 5 மாதத்தில் சாதாரணக் கினி பிக் 700, 800 கிராம் இருக்கும், அதைத் தீனியால் மட்டும் இரட்டிப்பாக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாம்பல்வால்

பெரிய பதிலுக்கு ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன், அது நெளிந்த நெளிவில் ஒன்றிரண்டு செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம், 33 வருகிறது. விலா தெரிகிறது. ஆனால் வயிறு மட்டும் இரண்டு பக்கமும் புடைத்து இருக்கிறது, பேரிக்காய் மாதிரி. இது இந்த இனத்தின் உடல்வாகா?

ஊசிமருந்து

நான் கால்நடை மருத்துவம் பார்க்கிறவள், சிறு விலங்குகள்தான் அதிகம். சாம்பல்வால், விலா தெரிகிறது, வயிறு மட்டும் இருபுறமும் புடைப்பு, பெண், 5 மாதம். இனத்தை விடுங்கள், முதலில் சினையா என்று பார்க்க வேண்டும்.

பெண் கினி பிக் ஐந்தாறு வாரத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சில அதற்கும் முன்னால். ஆணும் பெண்ணும் கலந்து கிடந்த கூண்டிலிருந்து வந்திருந்தால் சினையோடு வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சினைக் காலம் 59 முதல் 72 நாள். கடைசி இரண்டு வாரத்தில் அது அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது வயிற்றின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் குட்டி அசைவது தெரியும். அழுத்தித் தேடக் கூடாது, குட்டிக்கும் ஆபத்து தாய்க்கும் ஆபத்து. ஸ்கேன் எடுத்தால் உறுதியாகிவிடும்.

பெண் என்று சொன்னதையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பு ஒய் வடிவப் பிளவாகத் தெரிந்தால் பெண், நடுவில் புள்ளி போலிருந்து, அதற்குச் சற்று மேலே மெதுவாக அழுத்தினால் உறுப்பு வெளியே வந்தால் ஆண். கை மாறி வருகிற விலங்குகளில் இதைத் தப்பாகச் சொல்லி அனுப்புவது சகஜம்.

பெண்ணாக இருந்தால் உங்கள் ஆணோடு ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். சினையாக இல்லாவிட்டாலும்தான், ஏனென்றால் பெண்ணுக்கு 16 நாளுக்கு ஒரு முறை சூடு வரும். சினையாக இருந்தால் இன்னும் கவனம், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சூட்டுக்கு வந்துவிடும், ஆண் பக்கத்தில் இருந்தால் அடுத்த சினை அன்றைக்கே. 7, 8 மாதத்துக்குப் பிறகு முதல் குட்டி என்றால் அது தனி ஆபத்து, அதற்குள் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிட்டிருக்கும், பிரசவத்தில் விரிந்து கொடுக்காது. உங்களுடையது 5 மாதம் என்பது உண்மையாக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

இன்னொன்று. வயிறு திடீரென்று வீங்கி, தொட்டால் இறுகி, தீனியை விட்டுவிட்டு மூலையில் குறுகி உட்கார்ந்தால் அது சினையும் இல்லை, இனமும் இல்லை, வாயு அடைப்பு. அன்றைக்கு ராத்திரியே மருத்துவரிடம் ஓட வேண்டிய விஷயம்.

பஞ்சுமூட்டை

ஆணுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் சேர்த்து விடலாம்தானே அக்கா? இவ்வளவு அளவு வித்தியாசத்தில் சண்டை வந்தால் சின்னவன் கதி?

ஊசிமருந்து

விடலாம், ஆனால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் தள்ளிவைத்து. அதுவரை உள்ளே விந்தணு மிச்சமிருக்கும். அளவு வித்தியாசத்தைவிட எனக்குப் பயம் பெரியவளின் பதற்றம்தான். சண்டை போட்டு அல்ல, திடீரென்று பாய்ந்து ஓடும்போது சின்னவன் மேல் விழுந்து அவனுக்கு அடிபடலாம். இரண்டு கூண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கம்பி வழியாக முகர்ந்து பார்க்க விடுங்கள். தனிமையும் இதுகளுக்கு ஆகாது, கூட்டமாக வாழ்கிற ஜாதி.

மருந்து விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எந்த அளவு கினி பிக்காக இருந்தாலும் பொருந்தும். பென்சிலின், அமாக்சிசிலின் வகைகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் பாக்டீரியா குலைந்து செத்துப்போகும். "பெரிய உடம்புதானே, தாங்கும்" என்று வீட்டில் இருப்பதை உடைத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாங்காது.

வைக்கோல்போர்

கூண்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. சாதாரண ஜோடிக்குக் குறைந்தபட்சம் ஏழரை சதுர அடி என்பார்கள், குய்க்கு அது போதாது, முடிந்த அளவு பெரிதாகக் கொடுங்கள், குறிப்பாக நீளவாக்கில், ஏனென்றால் இவை ஓடும். சாதாரணமானவை தாண்டாத தடுப்பை இவை தாண்டிவிடும், சுவர் உயரமாக இருக்க வேண்டும், அல்லது மேலே மூடி வேண்டும். கம்பித் தளம் வேண்டவே வேண்டாம். எடை கூடக் கூடப் பாதத்தில் அழுத்தம் கூடும், உள்ளங்கால் சிவந்து புண்ணாகி எலும்பு வரை சீழ் பிடிக்கும் நோய் ஒன்று இருக்கிறது, கனமானவற்றுக்கு அது சீக்கிரம் வரும். மெத்தென்ற விரிப்பு, ஈரம் தங்காமல் அடிக்கடி மாற்றுவது, வாரம் ஒரு முறை பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. ஒளிந்துகொள்ளக் கடையில் கிடைக்கிற குட்டி வீட்டுக்குள் இது நுழையவே நுழையாது, அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டி வைத்துவிடுங்கள். ஒரு வாசல் மட்டும் இருந்தால் மாட்டிக்கொண்ட மாதிரி உணர்ந்து இன்னும் பதறும்.

தீனியில் பெரிய வித்தியாசம் கிடையாது. காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும், பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அரைத்துத் தேய்க்க அதுதான் வழி. வைட்டமின் சி உடம்பில் தானாக உற்பத்தி ஆகாது, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி. கணக்கு. எடைக் கணக்கு என்பதால் பெரியவளுக்குச் சின்னவனைவிட அதிகம் போக வேண்டும், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, இரண்டுக்கும் ஒரே துண்டு குடைமிளகாயைப் பங்கு போடுவார்கள். தண்ணீரில் கலக்கிற சொட்டு மருந்து வீண், வெளிச்சத்தில் சீக்கிரம் வீரியம் போய்விடும். சினையாக இருந்தால் அளவு இன்னும் கூட வேண்டும், அதை ஊசிமருந்து அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய இனம்தானே என்று பெல்லட்டை, அதாவது கடையில் விற்கிற குச்சித் தீவனத்தை, அள்ளிப் போடாதீர்கள். சட்டகம் பெரிதாக இருப்பவை கொழுத்தால் பாதமும் இதயமும்தான் முதலில் அடிவாங்கும்.

சாம்பல்வால்

பெண்தான், நீங்கள் சொன்னபடி பார்த்துவிட்டேன். ஸ்கேனுக்கு நாளை மறுநாள் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை தூக்காமல் இருப்பதா, பழக்குவதா? எடை பார்க்கவே துண்டைப் போர்த்தித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, பாவமாக இருக்கிறது.

வைக்கோல்போர்

தூக்காதீர்கள். எடைக்கு ஒரு வழி இருக்கிறது, அந்த அட்டைப் பெட்டிக்குள் தழையைப் போட்டு அதுவாக உள்ளே போனதும் பெட்டியோடு தராசில் வையுங்கள், பிறகு பெட்டியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கீழே கையைக் கொடுத்துத் தூக்குங்கள், இரண்டு வாசலையும் மூடிக்கொண்டு. மேலிருந்து கை வருவதுதான் அதற்கு எமன், இரை பிடிக்கிற பறவை அப்படித்தானே வரும். பழக்குவதற்குக் கூண்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். தழையைக் கையில் நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துவிட்டு விடுங்கள். வாரக் கணக்கில் ஆகலாம், சில குய்கள் கடைசிவரை தொட விடாது, பார்த்து ரசிக்கிற விலங்காகவே இருந்துவிடும்.

ஊசிமருந்து

சினைக்கு வாய்ப்பு இருப்பதால் நானும் அதையே சொல்கிறேன். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போதும் அதே பெட்டியிலேயே கொண்டுபோங்கள், வெயில் நேரத்தைத் தவிருங்கள், 30 டிகிரிக்கு மேல் போனால் கனமான, சினையான விலங்கு சீக்கிரம் சுருண்டுவிடும். முடிந்தால் உங்கள் பையனையும் வேறு பெட்டியில் கூடக் கொண்டுபோய்க் கருத்தடைக்கான உடல் பரிசோதனையை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

சாம்பல்வால்

சரி, இரண்டையும் கொண்டுபோகிறேன். ஸ்கேன் ரிசல்ட்டை இங்கேயே போடுகிறேன்.