புதுப்பிப்பு: ஸ்டெல்வியோ கணவாய் ஏறி இறங்கிவிட்டேன்

செப்டம்பர் இறுதியில் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் பைக் ஓட்டும்போது விரல்கள் விறைக்காமலிருக்க என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. நேற்றுத்தான் திரும்பினேன்.

ப்ராட்டோவில் கிளம்பும்போது இதமான வெயில். அந்த ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாயின் உச்சியோ 2,757 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்று நீங்கள் எச்சரித்தது அப்படியே நடந்தது. 48 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் உண்டு. ஏற ஏற எண் குறைந்துகொண்டே வரும். இருபதைத் தாண்டியதும் என் இடது கை கிளட்சை உணரவில்லை. ஓரமாக நிறுத்தி, எஞ்சின் அருகே கையுறையோடு விரல்களை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். உயிர் வரும்போது ஊசி குத்துவதுபோல் வலித்தது.

கைப்பிடியைச் சூடாக்கும் கருவி உள்ளங்கையைத்தான் காத்தது. விரல்களின் வெளிப்புறத்தில் காற்று அறைந்துகொண்டே இருந்தது. கையுறைக்கு மேல் காற்றுப் புகாத உறையும் போடுங்கள் என்ற யோசனையை நான் அலட்சியம் செய்திருக்கக் கூடாது. மார்பில் நாளிதழை மடித்து வைத்துக்கொள்ளும் பழைய வழியோ அருமையாகப் பலித்தது!

கணவாயின் மறுபக்கம், போர்மியோ என்ற ஊரை நோக்கி இறங்கும்போது நிழலான வளைவுகளில் ஈரம் மினுங்கியது. பனிக்கட்டியோ என்று அஞ்சி, பிரேக்கைத் தொடாமல் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். அடுத்த முறை ஜூலையில்தான் போவேன்.