சாமிக்கு ஓர் அறை, மகளுக்கு விறாந்தையா?

ஒட்டுசுட்டான் மகள்:
எங்களுடையது போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் கட்டிய வீட்டுத்திட்ட வீடு. ஐந்தரை இலட்சம் ரூபாயைப் பகுதி பகுதியாகத் தந்தார்கள். 550 சதுர அடி. இரண்டு அறைகள், ஒரு மண்டபம், குசினி. பின்னறையை மாமி சாமியறையாக வைத்திருக்கிறார். மூத்தவள் பதினோராம் வகுப்பு, இவ்வருடம் சாதாரண தரப் பொதுப் பரீட்சை எழுதுகிறாள். விறாந்தையில்தான் படிப்பு. மழை பெய்த இரவுகளில் ஈசல் வந்து கொட்டுகிறது. காலையில் கணக்குக் கொப்பியைத் திறந்தால் தாளோடு சிறகுகள் ஒட்டிக் கிடக்கின்றன. சாமித்தட்டை மண்டபத்துக்கு மாற்றிவிட்டு அறையை அவளுக்குக் கொடுப்போம் என்றேன். மாமி இரண்டு நாட்களாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கேட்டது பிழையா?

குளக்கட்டு:
பிழைதான் தங்கச்சி. மண்டபம் நாலு பேர் வந்துபோகும் இடம். தொலைக்காட்சி அலறும், மீன்குழம்பு மணக்கும், துடக்கு (தீட்டு) வீட்டுக்குப் போனவர் நேரே உள்ளே வருவார். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு விரதம் பிடிக்கிற வீடுகள் நம்முடையவை. கடல்நீரில் விளக்கெரிய வைக்கும் அம்மனுக்கு, செருப்புக் கழற்றும் இடத்தருகில் ஒரு பலகையா? பிள்ளைக்குக் குசினியில் மேசை போட்டுக் கொடுங்கள்.

மடுவீதி:
அண்ணா, குசினிப் புகைக்குள் இருந்து படித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் மாதா படம் மண்டபத்துச் சுவரில்தான். பொழுதுபட்டதும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பாயை விரித்துச் செபமாலை சொல்கிறோம். வந்த விருந்தாளியும் கூட இருந்துவிட்டுத்தான் போவார். செபத்தை ஓர் அறைக்குள் பூட்டினால் அது ஆச்சியின் வேலையாகிவிடும். பிள்ளைகள் எட்டியும் பார்க்க மாட்டார்கள். போரின்போது, 2008 ஏப்ரலில், மடுமாதாவின் திருச்சொரூபமே மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. மாதா இடம்பெயரலாம் என்றால், ஒரு தட்டு பின்னறையிலிருந்து மண்டபத்துக்கு வரக் கூடாதா?

குளக்கட்டு:
ஷெல்லுக்குப் பயந்து கொண்டுபோனதைத் திரும்பவும் மடுவுக்குத்தானே கொண்டுவந்தார்கள்? மாதாவுக்கு உரிய இடம் அது என்பதால்தான்.

பனங்கூடல்:
2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், எங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் இரண்டு குடும்பங்கள். கொண்டுவந்த ஒரே பிள்ளையார் படம் கூடாரக் கம்பில் தொங்கியது. தறப்பாள் பற்றிவிடும் என்று அம்மா சிரட்டைக்குள் திரியிட்டு வெளியே மண்ணில் வைப்பார். அணையாமலிருக்க இரண்டு கைகளாலும் காற்றை மறித்துக்கொண்டு குந்தியிருப்பார். கும்பிட அறை தேவையில்லை என்று அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். ஆனால் மீளக்குடியேறியதும் அம்மா முதலில் கேட்டது, கதவு சாத்தக்கூடிய ஒரு சாமியறை. ஏன் என்று நான் கேட்டதில்லை. தங்கச்சி, நீங்கள் உங்கள் மாமியிடம் கேட்டீர்களா?

ஒட்டுசுட்டான் மகள்:
நேற்றிரவு கேட்டேன். சாமிப்படங்களுக்குக் கீழே, கடைசித் தட்டில், என் கணவரின் தம்பியின் படம் இருக்கிறது. 2009இல் காணாமற்போனவர். மாமி அதற்குப் பொட்டு வைப்பதில்லை, மாலை போடுவதில்லை. தூசி மட்டும் துடைப்பார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமற்போனவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது, மாமி அந்தப் படத்தைத்தான் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மண்டபத்தில் வைத்தால் வருகிறவர்கள் "எப்போது செத்தவர்?" என்று கேட்பார்களாம். "சாமியறைக்குள் என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்" என்றார். இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு இது விளங்கவில்லை.

மடுவீதி:
அக்கா, நான் எழுதியதில் பாதியை மீளப்பெறுகிறேன். அந்தப் படத்தை மண்டபத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஆனால் பிள்ளையின் பரீட்சையும் காத்திருக்காது. மேசையை அந்த அறைக்குள்ளேயே போட்டால் என்ன? சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் பெறாமகள் இருந்து படிக்கட்டும்.

குளக்கட்டு:
துடக்கு நாட்களில்?

ஒட்டுசுட்டான் மகள்:
அதற்கும் மாமியே பதில் சொல்லிவிட்டார் அண்ணா: "படிக்கிற பிள்ளைக்கு என்ன துடக்கு?" வெள்ளிக்கிழமை மேசை உள்ளே போகிறது.

குளக்கட்டு:
எனக்கு இன்னும் முழு மனதில்லை. ஆனால் மாமியின் சொல்லுக்கு மேலே பேச மாட்டேன். விளக்கைத் தாம்பாளத்தில் வைத்து, கொப்பிகளுக்கு எட்டாத பக்கம் தள்ளுங்கள். எண்ணெய்ப் புகை கண்ணைக் கரிக்கும், யன்னலைத் திறந்துவிடுங்கள்.